ஆயிரம் குஞ்சுக்கு எத்தனை மூட்டை?

கேள்வி: குப்பனூர் பக்கம் எங்களுக்கு 1,000 கோழி விடும் அளவுக்கு ஒரு ஷெட் இருக்கிறது. கணவர் லாரி ஓட்டுகிறார். பண்ணையை நானும் மாமியாரும் பார்த்துக்கொள்கிறோம். கம்பெனிக்கு வளர்க்காமல் பங்குனியில் சொந்தமாக முதல் பேட்ச் விட்டோம். ஒரு பிராய்லர் 35 நாளில் மூன்றரைக் கிலோ தின்னும் என்று தீவனக் கடையில் சொன்னார்கள். அப்படியானால் நாளைக்கு 100 கிராம், ஆயிரம் கோழிக்கு 2 மூட்டை என்று கணக்குப் போட்டேன். ஆனால் முதல் வாரம் முழுக்க மூன்று மூட்டைதான் போனது. நோயோ என்று பயந்து லிவர் டானிக் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் 11 மூட்டை போனதால் அடுத்த இரண்டு வாரத்துக்கு 12 மூட்டை போதும் என்று இறக்கினேன். 21-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் தீர்ந்துவிட்டது. மறுநாள் மதியம்வரை கோழிகள் பட்டினி. 36-ஆம் நாள் 962 கோழி, 1,870 கிலோ எடைக்குப் போனது. செத்தது 38. அதில் 20 கோழி 31-ஆம் நாள் வெயிலில் ஒரே மதியத்தில் போனது. மொத்தம் 66 மூட்டை தீவனம். இது அதிகமா? அடுத்த பேட்சுக்கு எப்படிக் கணக்குப் போடுவது? கடைசி வாரம் குருணையும் மரவள்ளித் திப்பியும் கலந்தால் செலவு குறையும் என்கிறார் மாமியார், செய்யலாமா? ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கும் என் அண்ணன் 200 கோழி விட ஆசைப்படுகிறார். அவருக்கும் இதே கணக்குதானா?
— வாசகி, சேலம் மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒரு விஷயம். முதல் வாரத்தில் உங்கள் குஞ்சுகளுக்கு எந்த நோயும் இல்லை. ஆயிரம் குஞ்சு ஏழு நாளில் மூன்று மூட்டையும் அதற்கு மேல் கொஞ்சமும் தின்றால் அது நல்ல அளவு. டானிக் தேவையே இல்லாமல் போன செலவு. கடைக்காரர் சொன்ன மூன்றரைக் கிலோவும் பெரிய தப்பில்லை, கொஞ்சம் தாராளமாகச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அதை 35-ஆல் வகுத்த இடத்தில்தான் கணக்கு தடம் மாறிவிட்டது. வந்திறங்கிய அன்று 40 கிராம் இருக்கிற குஞ்சு, ஐந்து வாரத்தில் 2 கிலோவைத் தொடுகிறது. ஐம்பது மடங்கு வளர்கிற ஒரு உயிருக்குச் சராசரி போட்டால் முதல் பாதியில் தீவனம் மிஞ்சுவதுபோலத் தெரியும், பின்பாதியில் பற்றாது. சொந்தமாகப் பண்ணை தொடங்குகிறவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பெனிக்கு வளர்க்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, சூப்பர்வைசர் வந்து பார்த்துத் தீவன வண்டி அனுப்பிவிடுவார். உங்களுக்கு அந்த சூப்பர்வைசரும் நீங்கள்தான்.

நான் பண்ணைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற கணக்கு மிகச் சுலபம். கோழியின் வயதை ஐந்தால் பெருக்குங்கள். அந்த நாளில் ஒரு கோழி தின்னும் தீவனம் ஏறக்குறைய அத்தனை கிராம். 7-ஆம் நாள் 35 கிராம், 14-ஆம் நாள் 70, 21-ஆம் நாள் 105, 28-ஆம் நாள் 140, 35-ஆம் நாள் 175. ஆயிரம் கோழி என்றால் கிராமைக் கிலோவாகப் படித்தால் போதும்: 28-ஆம் நாள் 140 கிலோ, அதாவது மூன்று மூட்டைக்குச் சற்றுக் குறைவு. காகிதமே வேண்டாம், ஷெட்டுக்குள் நின்றபடியே போட்டுவிடலாம். இரண்டு இடத்தில் மட்டும் இது ஒத்துவராது. முதல் மூன்று நான்கு நாள் குஞ்சு இதைவிடக் கூடுதலாகவே தின்னும், வந்திறங்கிய முதல் நாளே 12 கிராம் வரை எடுக்கும். 35 நாளுக்கு மேல் வைத்திருந்தால் ஏற்றம் தளர்ந்துவிடும், ஐந்தால் பெருக்கினால் கணக்கு கூடுதலாகக் காட்டும்.

இதையே வாரக் கணக்காகச் சொல்கிறேன், இதைத்தான் நீங்கள் சுவரில் எழுதி வைக்க வேண்டும். 50 கிலோ மூட்டையில், ஆயிரம் கோழிக்கு, முதல் வாரம் 3 மூட்டையும் கொஞ்சமும். இரண்டாம் வாரம் ஏழரை. மூன்றாம் வாரம் 13. நான்காம் வாரம் 18. ஐந்தாம் வாரம் 22-க்கு மேல். மொத்தம் 64 மூட்டை, கோழிக்கு 3 கிலோ 200 கிராம். இதில் கடைசி இரண்டு வாரம் மட்டும் 40 மூட்டை. நீங்கள் 14-ஆம் நாள் 11 மூட்டையைப் பார்த்து அடுத்த இரண்டு வாரத்துக்கு 12 என்று கணித்தீர்கள். அந்த இரண்டு வாரத்தில் அவை தின்ன வேண்டியது 31. மூன்றாம் வாரம் முடியும்போதே தீர்ந்ததில் ஆச்சரியமே இல்லை.

இவை சுற்று வட்டாரத்தில் திறந்த ஷெட்டுகளில் நான் பார்க்கிற அளவுகள். குஞ்சு உற்பத்தி செய்யும் கம்பெனிகள் தரும் அட்டவணையில் இதைவிடக் கூடுதல் எடையும் கூடுதல் தீனியும் இருக்கும். அது தட்பவெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட கொட்டகைக்கான இலக்கு. அதைப் பார்த்து உங்கள் கோழியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

இனி 66 மூட்டைக்கு வருகிறேன். 66 மூட்டை என்றால் 3,300 கிலோ. விற்ற எடை 1,870 கிலோ. வகுத்தால் 1.76. ஒரு கிலோ உயிர் எடைக்கு ஒன்றே முக்கால் கிலோ தீவனம். இதைத்தான் எஃப்.சி.ஆர். என்கிறார்கள். உங்கள் கோழி சராசரியாக 1 கிலோ 940 கிராம். அந்த எடைக்கு, கோடையையும் சேர்த்துப் பார்த்தாலும், 1.6 வந்திருக்கலாம். அப்படியானால் 60 மூட்டை போதும். ஆகவே ஆமாம், அதிகம்தான், ஆறு மூட்டை அதிகம். பிராய்லர் வளர்ப்பில் ஆகும் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனம். உங்கள் லாபம் எங்கே போனது என்று தேடினால் அந்த ஆறு மூட்டைக்குள் பெரும்பகுதி கிடைக்கும்.

அதில் ஒரு மூட்டை எங்கே போனது என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 31-ஆம் நாள் செத்த 20 கோழியும் அதுவரை ஆளுக்கு இரண்டரைக் கிலோ தின்றிருக்கும். அது 50 கிலோ. முதல் வாரத்தில் குஞ்சு செத்தால் குஞ்சின் விலைதான் நட்டம். கடைசி வாரத்தில் செத்தால் ஒரு கோழிக்கான தீவனம் முழுக்கவும் சேர்ந்து போகிறது. அதனால்தான் கோடையில் மதிய நேரத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன். அதைக் கீழே சொல்கிறேன்.

மீதி ஐந்தில் பெரும்பகுதி கோழியின் வயிற்றுக்கே போகவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் ஃபீடரின், அதாவது தொங்கும் தீவனத் தட்டின், உயரத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை. நாளைக்கே போய்ப் பாருங்கள். ஃபீடரின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்க வேண்டும். கோழி வளர வளர, நான்கைந்து நாளுக்கு ஒரு முறை கயிற்றைச் சுருக்கி ஏற்ற வேண்டும். தாழ்வாகத் தொங்கினால் கோழி அலகால் கிளறி வெளியே தள்ளும், கீழே விழுந்தது தரையில் பரப்பிய உமியோடு கலந்துவிடும், அதைத் திரும்ப எடுக்காது. தட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீவனம் நிற்கவும் கூடாது. ஒரு கோழி ஒரு நாளைக்கு 5 கிராம் சிந்துகிறது என்று வையுங்கள், ஒரு சிட்டிகைதான். ஆயிரம் கோழிக்கு 5 கிலோ. முப்பது நாளில் 150 கிலோ. மூன்று மூட்டை! ஷெட்டில் ஃபீடருக்குக் கீழே இருக்கும் உமியை ஒரு கைப்பிடி அள்ளி முறத்தில் போட்டு மாமியாரிடம் புடைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தீவனம் மிஞ்சுகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

பட்டினியும் ஒரு காரணம். பசியோடு இருந்த கோழிக்குத் திடீரென்று தீவனம் கொட்டினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், முட்டி மோதும், தின்பதைவிடச் சிந்துவது அதிகமாகும். முதுகில் கீறல் விழும், அடுத்த சில நாள் எச்சம் இளகித் தரையில் பரப்பிய உமி ஈரமாகும். அப்புறம் எலி. ஷெட்டை ஒட்டியே மூட்டை அடுக்கியிருந்தால் எலி இல்லாமல் இருக்காது. அது தின்பதைவிட ஓட்டை போட்டுச் சிந்துவதும் அசுத்தப்படுத்துவதும்தான் பெரிய நட்டம். கூடவே, இறங்குகிற மூட்டையில் நாலைந்தை எடை போட்டும் பார்த்துவிடுங்கள். யாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை, எடை தெரியாத மூட்டையை வைத்துக்கொண்டு எஃப்.சி.ஆர். கணக்கிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பக்கத்துப் பண்ணைக்காரர் எனக்கு 1.55 வந்தது என்று சொன்னால் உடனே மனம் தளராதீர்கள், அவர் எந்த எடையில் விற்றார் என்று கேளுங்கள். கோழி வளர வளர ஒரு கிலோ ஏற்றத் தேவைப்படும் தீவனம் கூடிக்கொண்டே போகும். முதல் வாரத்தில் 160 கிராம் தின்று 140 கிராம் ஏறுகிற குஞ்சு, ஐந்தாம் வாரத்தில் 1,120 கிராம் தின்று 600 கிராம்தான் ஏறுகிறது. இருக்கிற உடம்பைக் காப்பாற்றவே பெரும்பகுதி போய்விடுகிறது. அதனால் எல்லாரும் 2 கிலோ கோழிக்குச் சமப்படுத்தி ஒப்பிடுவார்கள். 2-இலிருந்து உங்கள் சராசரி எடையைக் கழித்து, வருவதை நான்கால் வகுத்து, எஃப்.சி.ஆரோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றரைக் கிலோவில் 1.55-க்கு விற்றவருடையது இந்தக் கணக்கில் 1.67 தாண்டிவிடும். 2 கிலோ 200-இல் 1.65-க்கு விற்றவருடையது 1.60-ஆக இறங்கும். இரண்டாமவர்தான் நன்றாக வளர்த்தவர்.

பல்லடத்தில் அறிவிக்கும் விலை நாளை ஏறும், நாளன்றைக்கு ஏறும் என்று கோழியைப் பிடிக்காமல் வைத்திருக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். அந்த வயதில் ஒவ்வொரு நாளும் மூன்றரை மூட்டை போகிறது. விலை அந்த அளவுக்கு ஏறுமா என்று பார்த்துவிட்டுக் காத்திருங்கள்.

அடுத்த பேட்சுக்கு வாங்கும்போது மொத்த மூட்டையோடு எந்தத் தீவனம் எத்தனை என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் குஞ்சுக்கு முதல் 10 நாள் பிரீ-ஸ்டார்ட்டர் 6 மூட்டை. 21-ஆம் நாள்வரை ஸ்டார்ட்டர் 17 அல்லது 18. பிறகு ஃபினிஷர் 40. கடைசியை மட்டும் ஒரேயடியாக வாங்காதீர்கள். 28-ஆம் நாள் உயிரோடு இருக்கிற கோழியை எண்ணி, எடை பார்த்து, அதன்பிறகு மீதியை இறக்குங்கள். எப்போதும் அடுத்த மூன்று நாளுக்கான தீவனம் கையில் இருக்க வேண்டும். நேற்றுப் போன தீவனத்தைப் பார்த்து அடுத்த மூன்று நாளைக் கணிக்காதீர்கள், வரப்போகும் வயதை வைத்துக் கணியுங்கள். 19-ஆம் நாள் நிற்கிறீர்கள் என்றால் 20, 21, 22 — நூறு, நூற்றைந்து, நூற்றுப்பத்து. 315 கிலோ. ஆறரை மூட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஞாயிறு வந்தால் இன்னொரு நாளுக்கும் சேர்த்து வையுங்கள்.

ஒரு நோட்டில் தினமும் நான்கு விஷயம் எழுதுங்கள்: எத்தனை மூட்டை பிரித்தோம், எத்தனை செத்தது, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இறங்கியது, மதிய வெயில் எப்படி. வாரம் ஒரு நாள், அதே நேரத்தில், ஷெட்டின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக 25 கோழி பிடித்து எடை போடுங்கள். மந்தமாக நிற்பதையே பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு கிடைத்ததைப் பிடிக்க வேண்டும். 7-ஆம் நாள் 180 கிராம், 14-ஆம் நாள் 450, 21-ஆம் நாள் 900, 28-ஆம் நாள் 1,450, 35-ஆம் நாள் 2,050 என்ற அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

இந்த நோட்டை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குச் செலவுக் கணக்கு மட்டும் காரணமில்லை. நோய் வருகிறது என்பதைக் கோழி முதலில் சொல்வது தண்ணீரிலும் தீவனத்திலும்தான். ஓமலூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் 24-ஆம் நாள் இரண்டரை மூட்டை போக வேண்டிய இடத்தில் ஒன்றரைதான் போயிருந்தது. வெயில் இல்லாத ஐப்பசி மாதம். ஒரு கோழிகூடச் சாகவில்லை. நோட்டு எழுதிக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மா அன்றைக்கே கூப்பிட்டார்கள். கம்போரோ என்ற வைரஸ் நோயின் ஆரம்பம். முழுவதும் காப்பாற்றினோம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு நாள் தாமதித்திருந்தால் பாதி ஷெட் காலியாகியிருக்கும். நீங்கள் சராசரிக் கணக்கை வைத்துக்கொண்டு பயப்படக் கூடாத நேரத்தில் பயந்தீர்கள். சரியான கணக்கு கையில் இருந்தால் பயப்பட வேண்டிய நேரம் எது என்பதும் தெரியும்.

தண்ணீர் சாதாரண நாளில் தீவனத்தைப்போல இரண்டு மடங்கு போகும். 28-ஆம் நாள் 140 கிலோ தின்னும் ஆயிரம் கோழிக்கு 280 லிட்டர். சித்திரை வெயிலில் அது மூன்று மடங்குக்கும் மேல் போகும், தின்னும் தீவனம் குறையும். சேலத்து வெயில் 38, 39 டிகிரி என்று ஏறும் நாட்களில், 21 நாளுக்கு மேற்பட்ட கோழிக்கு என் கணக்கில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வேன். வெயில் நேரத்தில் தின்னட்டும் என்று ஃபீடரை ஆட்டி ஆட்டித் தூண்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. தின்ற தீவனம் செரிக்கும்போது உடம்பில் சூடு கிளம்பும். வெளியே வெயில், உள்ளே செரிமானச் சூடு. பிராய்லருக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தள்ள வேண்டும். கொழுத்த கோழி இரண்டையும் தாங்காது. உங்கள் 20 கோழியும் வயிறு நிறைந்த நிலையில்தான் செத்திருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த கோடையில் காலை 10 மணிக்கு ஃபீடரை மேலே ஏற்றிக் கட்டிவிடுங்கள். மாலை 4, 5 மணிக்கு இறக்குங்கள். விடியற்காலை 3 மணிக்கு விளக்கைப் போட்டு, குளிர்ச்சியில் தின்ன விடுங்கள். மதியம் ஓரத்துச் சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டு, தொட்டித் தண்ணீர் சூடேறாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஃபீடரை இறக்கும்போது எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் தீவனம் இருக்க வேண்டும், ஆயிரம் கோழிக்கு 22, 25 ஃபீடராவது வேண்டும். இல்லையென்றால் பட்டினிக் கதைதான் தினமும் நடக்கும்.

குருணை, திப்பி பற்றி. உங்கள் மாமியார் நாட்டுக்கோழி வளர்த்த அனுபவத்தில் சொல்கிறார்கள், அந்தக் கோழிக்கு அது சரி. அது மேய்ந்து பூச்சியும் புழுவும் பிடித்துத் தன் புரதத்தைத் தானே தேடிக்கொள்ளும். உங்கள் பிராய்லருக்கு ஃபீடரை விட்டால் வேறு வழியில்லை. ஃபினிஷரில் நூற்றுக்கு 18 முதல் 20 பங்கு புரதம் இருக்கும். குருணையில் அதில் பாதிகூட இல்லை. ஜவ்வரிசி ஆலையிலிருந்து வருகிற மரவள்ளித் திப்பியில் புரதம் மிக மிகக் குறைவு, நாரும் மாவும்தான். அது மாட்டுக்கு நல்ல தீனி. கோழிக்குக் கலந்தால் மூட்டை குறையும், எடை அதைவிட வேகமாகக் குறையும், இரண்டு கிலோ ஏற இன்னும் நாலைந்து நாள் ஆகும். அந்த நாலைந்து நாளும் தினம் மூன்றரை மூட்டை. மாமியாரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள். உண்மையாகவே மிச்சம் பிடிக்க ஒரு இடம் இருக்கிறது: கோழி பிடிக்க வண்டி வருவதற்கு ஆறு மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். அந்த நேரத்தில் தின்பது கறியாக மாறாது.

இனி உங்கள் அண்ணனுக்கு. நாகலூர் ஏறக்குறைய ஏற்காட்டின் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர். அங்கே என் ஐந்து மடங்குக் கணக்கு குறைவாகவே காட்டும். குளிரில் கோழி உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே கூடுதலாகத் தின்னும், அந்தத் தீவனம் எடையாக ஏறாது. பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். குஞ்சைக் கதகதப்பாக வைக்கும் புரூடரின் வெளிச்சமும் சூடும் கீழே பத்து, பன்னிரண்டு நாள் போதும் என்றால், மேலே மூன்று வாரம்கூடத் தேவைப்படலாம். பனிமூட்டத்தில் மூட்டை ஈரம் இழுத்துப் பூசணம் பிடிக்கும். பலகைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும், பத்து நாளுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது. கட்டி கட்டியாக இருக்கும் தீவனத்தைக் கோழிக்குப் போடவே கூடாது.

தீவனத்தைவிட எனக்கு வேறு ஒன்றில்தான் கவலை. பிராய்லர் வேகமாக வளர்கிற பறவை, அதற்குப் பிராணவாயு நிறையத் தேவை. உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். அதோடு குளிரும் சேர்ந்தால் இருதயத்தின் வலது பக்கம் திணறி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். மூன்று, நான்கு வாரத்தில் நன்றாக வளர்ந்த கோழிகளே வயிறு உப்பிச் சாகும். குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாயை இறுக்கி மூடினால் இது இன்னும் கூடும், உள்ளே அமோனியாவும் சேர்ந்துகொள்ளும். கோழியின் உயரம்வரை மூடி, மேலே ஒரு முழம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் இரவில் சில மணி நேரம் விளக்கை அணைத்து, வளர்ச்சியைச் சற்று நிதானப்படுத்தலாம். ஆகவே கார்த்திகையிலிருந்து தைவரை முதல் பேட்ச் வேண்டாம். மாசி கடைசியில் தொடங்கட்டும், கீழே நமக்கு வெயில் ஏறும் அந்த மாதங்கள் மேலே கோழிக்கு இதமானவை. 200 குஞ்சுக்கு பிரீ-ஸ்டார்ட்டர் ஒன்றரை மூட்டை, ஸ்டார்ட்டர் 4, ஃபினிஷர் 9 என்று பதினாலரை மூட்டை வரும். மலைப்பாதையில் வாரம் ஒரு நடை தீவனம் ஏற்ற வாடகை கட்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் குஞ்சுக்கு முன்பணம் கொடுக்கலாம்.